இருக்கட்டும்

வரவேற்பறையில் உட்காருவதற்கு முன் அவள் சுவரோரமாகப் போய் விளக்கை அணைக்கிறாள். ஜன்னல் திரையை ஒரு பக்கமாக ஒதுக்குகிறாள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எட்டிப் பார்க்கிறாள். பிறகு தோளில் தொங்கும் பெரிய கறுப்புப் பையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு நாற்காலியை அரை வட்டம் திருப்பிப் போட்டு, அதில் உட்காருகிறாள். இன்டர்வியூவுக்கு வந்திருக்கும் மற்றவர்கள் இதை மரியாதையோடு பார்க்கிறார்கள். ஆபீஸில் முக்கியமான ஆள் போலிருக்கிறது என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"யாருங்க லைட்ட அணைச்சது?" என்று மேசைக்குப் பின்னாலிருந்து வரவேற்பாளர் கேட்கிறாள்.

"நான்தாங்க. பகல்தானே, இருக்கட்டும்."

"எது இருக்கட்டும்?"

"வெளிச்சம்."

வரவேற்பாளர் எழுந்து வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறாள். இவள் தகராறு செய்வதில்லை. விளக்கு எரிகிறது, ஜன்னலும் வெளிச்சம் தருகிறது. ஒரே வேலையை இரண்டு பேர் செய்வதைப் பார்க்கிற முகத்தோடு பேசாமல் இருந்துகொள்கிறாள்.

கட்டடக்கலைக் கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயரே 'இருக்கட்டும்'. எதை இடிக்கலாம் என்று வகுப்பில் பேச்சு வந்தாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். பெயர் வைத்த தோழி அதற்கு உரையும் எழுதினாள்: "பேருலயே 'கட்டும்'னு இருக்கு பாருங்கடி. ஆனா ஒண்ணும் கட்ட மாட்டா." இதைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அது கேலி என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் கொள்கையை இவ்வளவு சுருக்கமாகத் தன்னாலேயே சொல்லியிருக்க முடியாது என்றுதான் நினைத்தாள்.

இரண்டாம் வருடம் பஸ் நிறுத்தம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பறவை இறகு, அலை, விரித்த புத்தகம் என்று கூரை போட்டுக் கொண்டுவந்தார்கள். இவள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய மரம் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் அதன் கீழேதான் நின்றார்கள். ஆகவே அவள் மரத்தை வரைந்தாள். அதைச் சுற்றி ஒரு பெஞ்ச் போட்டாள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு வாய்க்கால் வெட்டினாள். "பஸ் ஸ்டாப் எங்கம்மா?" என்று பேராசிரியர் தேடினார். "மரம்தான் சார்" என்றாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். மரம்தான் இருந்தது.

கடைசி வருடத் திட்டம் இதைவிடப் பெரியது. ரயில் பாதையோரம் ஒரு பழைய தானியக் கிடங்கு. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் பொது நூலகம் ஒன்று கட்டுவதாக வைத்துக்கொண்டு வரைய வேண்டும். வகுப்பில் எல்லாரும் முதல் தாளிலேயே கிடங்கை இடித்துவிட்டார்கள். தாளில் இடிப்பது சுலபம், தூசி பறக்காது. இவள் மட்டும் டேப்பை எடுத்துக்கொண்டு தினமும் கிடங்குக்குப் போனாள். முழங்கை நீளத்துக்குத் தடிமனான சுவர், உயரமான கூரை, உள்ளே நுழைந்தால் வெயிலே மறந்துவிடுகிற குளிர்ச்சி. இவ்வளவையும் இடித்துவிட்டு, மறுபடி சிமென்டும் கம்பியும் கொட்டி, பிறகு அதைக் குளிர்விக்க இயந்திரம் வாங்கி மாட்டுவானேன்? நான்கு ஜன்னல் திறந்து, ஒரு மாடிப்படியும் கழிப்பறையும் சேர்த்து, ஒழுகும் இடத்தை அடைத்துவிட்டால் அதுவே நூலகம் என்று முடிவுக்கு வந்தாள். இருப்பதைக் கறுப்பில் வரைந்தாள். புதிதாகச் செய்ய வேண்டியதைச் சிவப்பில் வரைந்தாள்.

"இதுல உன் வேலை எது?" என்று தேர்வுக்கு வந்தவர் கேட்டார்.

"சிவப்பு சார்."

"சிவப்பே ரொம்பக் கம்மியா இருக்கே?"

"அதுதான் சார் என் வேலை."

தாள் முழுவதும் முட்டை முட்டையாக ஏதோ கிடக்கிறதே, அது என்ன என்று இன்னொருவர் கேட்டார். அது கிடங்கில் சுமை தூக்குகிறவர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் படுத்திருக்கும் இடத்தையெல்லாம் அவள் குறித்திருந்தாள். எங்கே காற்று நன்றாக வருகிறது என்பதைக் கருவி வைத்து அளப்பதைவிட, தூங்குகிறவர்களைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். தேர்வாளர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். பாஸ் போட்டார்கள். கட்டடத்தின் சிறு மாதிரியைத் தொட்டுப் பார்த்தவர் மட்டும் கை கழுவப் போனார். அவள் மாதிரிகள் எல்லாமே சிமென்ட் பைக் காகிதத்தில் செய்தவை. எவ்வளவு தட்டினாலும் சாம்பல் போகாது.

பைக்குப் பஞ்சமில்லை. அவள் அப்பா சிமென்ட் கடைக்காரர். கீழே கடையும் கிடங்கும், மேலே வீடு. வீட்டில் ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்தால் சிமென்ட் நாலு மடங்கு போகும் என்ற நம்பிக்கையில்தான் சின்ன மகளைப் படிக்க வைத்தார். அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. பட்டம் வாங்கி வந்த அன்று, "உன் லைப்ரரிக்கு மொத்தத்துல எத்தனை மூட்டை பிடிக்கும்?" என்று ஆசையாகக் கேட்டார்.

"ரொம்பக் கம்மிப்பா."

"கம்மின்னா?"

"படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும்."

அப்பா கல்லாப் பெட்டியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சின்னவளே, இதை வெளியில சொல்லிட்டுத் திரியாதே" என்றார்.

ஆனால் வெளியில் சொல்லித் திரிவதுதான் வேலை தேடுவது. வரைபடங்கள் இருந்த கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். முழுக்கக் கண்ணாடியாலான கட்டடத்தில் இருந்த பெரிய கம்பெனி அவளை முதலில் கூப்பிட்டது. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத கட்டடங்களில் தங்களுக்கு மிகுந்த ஆர்வம் உண்டு என்று அதன் மேலாளர் சொன்னார். சுவர் முழுக்கக் கொடி படர்ந்த ஒரு கோபுரத்தின் படத்தை எடுத்துக் காட்டினார். அவள் நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"உச்சி மாடியில இருக்கிற கொடிக்குத் தண்ணி யார் சார் ஊத்துவாங்க?"

"அது மெயின்டனன்ஸ்ல வரும்மா."

"அவங்க நிக்க இடம் வரையலையே சார். தொங்குவாங்களா?"

மேலாளர் படத்தை மூடினார். "சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அடுத்தது அடுக்குமாடி வீடு கட்டி விற்கிற ஒருவர். கல்லாதவர் இல்லை, கெட்டவரும் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். கிடங்கை முழுதாகப் பார்த்தார். அதற்கு முந்தைய பக்கத்தில் இருந்த பஸ் நிறுத்தத்தையும் விடாமல் பார்த்தார். பிறகு கேலியே இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்:

"மரம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மரத்துக்கு நீ எதுக்கும்மா?"

அவளிடம் வாய்க்கால் இருந்தது, பெஞ்ச் இருந்தது. இரண்டையும் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. வீடு வரும்வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே கேள்வியை யோசித்துக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தாள்.

அந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். மாமாவுக்குக் கப்பலில் வேலை. நீண்ட பயணம் ஒன்று கிடைத்துப் போய்விட்டார். கைக்குழந்தைகள் இரண்டு, இரட்டை. ஒன்று தூங்கினால் ஒன்று அழும் என்று முறை வைத்துக்கொண்டு பிறந்தவை. கடைக்கு மேல் இருக்கிற இரண்டு அறையும் சமையலறையும் அவர்கள் வந்த அன்றே நிரம்பிவிட்டன.

"மொட்டைமாடியில ஒரு ரூம் போட்டுடலாம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கண்ணெல்லாம் ஒளி. "நம்ம கடை சிமென்ட், நம்ம பொண்ணு பிளான்! நாளைக்கே மணல் சொல்லிடறேன்."

"இருக்கட்டும்ப்பா" என்றாள் அவள். "இருக்கிற இடத்தையே ஒழுங்கா வச்சுக்கலாம்."

டேப் வெளியே வந்தது. வீடு அங்குலம் அங்குலமாகத் தாளுக்கு வந்து சேர்ந்தது. கட்டில், பீரோ, தொட்டில் எல்லாவற்றையும் சிமென்ட் பைக் காகிதத்தில் வெட்டி, தாளின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கடைசியில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. பீரோ மாடிப்படித் திருப்பத்துக்குப் போனது. சாப்பாட்டு மேசை சுவரில் மடங்கியது. அப்பாவின் கட்டில் கடைக்கு இறங்கியது. "என் வீட்டுல நானே வாட்ச்மேன்" என்று சொல்லிக்கொண்டு அவரும் இறங்கிப் போனார். அம்மா மடக்கு மேசையில் இடுப்பை இடித்துக்கொண்டாள். மாடிப்படியில் ஏறுகிற எல்லாரும் பீரோவுக்கு வழிவிட்டு ஒருக்களித்து ஏறினார்கள். ஆனால் தாளில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரு பிற்பகல் கீழே லாரியிலிருந்து சிமென்ட் இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூசி வராமல் இருக்க ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே புழுக்கம் தாங்காமல் அக்கா மாடிப்படியில் பீரோவுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே இடுங்கி உட்கார்ந்திருந்தாள். தோளுக்கு ஒரு குழந்தை. ஒன்றைத் தட்டினால் மற்றது நழுவியது. இரண்டும் அழுதன. அக்காவும் அழுதுகொண்டிருந்தாளோ என்னவோ, முகமெல்லாம் வியர்வையாக இருந்ததால் தெரியவில்லை.

"அக்கா, உள்ள கட்டில் பக்கத்துல இடம் இருக்கே. பிளான்ல எல்லாம் சரியா வருதே" என்றாள் இவள்.

"அதுல நான் எங்கடீ இருக்கேன்?"

அவள் உள்ளே போய்த் தாளை எடுத்து வந்து காட்டினாள். கட்டிலின் மேல் ஒரு முட்டை. அதுதான் அக்கா.

அக்கா அதை உற்றுப் பார்த்தாள். "எல்லாருக்கும் படுக்க இடம் போட்டிருக்க. நான் படுக்கிறதே இல்லையேடீ. ரெண்டையும் தூக்கிட்டு நாள் பூரா நடக்கிறேன். நடக்க எங்க இடம் விட்டிருக்க?"

அவள் தாளைப் பார்த்தாள். பொருள்களுக்கு நடுவே விட்ட இடைவெளியெல்லாம் அங்குலக் கணக்கில்தான் இருந்தது. ஒரு குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதைத் தட்டிக்கொண்டு நின்றாள். பிறகு குழந்தையோடு அப்படியே மொட்டைமாடிக்கு ஏறிப் போனாள். அங்கே இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். குழந்தை தூங்கிப்போனது. அவள் நிற்கவில்லை.

அந்த மொட்டைமாடி அறையை வரைந்து முடிக்க அவளுக்கு ஒரு நூலகத்துக்கு ஆனதைவிட அதிக நாள் பிடித்தது. வேண்டாம் என்பதற்கு அவளிடம் காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. வேண்டும் என்று ஒரு சுவரை வரைய வந்தபோது கை ஓடவில்லை. வரைந்தாள், அழித்தாள், தாள் தேய்ந்து ஓட்டை விழுந்தது. அம்மா ஒரு நாள் காபி வைக்க வந்தவள், "என்னடி, வெளிச்சம் வரட்டும்னு தாள்லயே ஜன்னல் வச்சுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கடைசியில் வந்தது ஒரு நீளமான அறை. அகலம் அதிகமில்லை. ஆனால் மொட்டைமாடியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போகும். ஒரு கோடியில் தொட்டில்கள், மறு கோடியில் கட்டில், நடுவே முழுக்க நடை. மேற்குச் சுவரில் உயரத்தில் ஒரு ஜன்னல். சூடான காற்று அது வழியாக வெளியேறிவிடும்.

பிறகு சண்டை தொடங்கியது. அடுத்த தெருவில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செங்கல்லையும் கதவையும் வாங்கிவிடலாம் என்றாள். அப்பாவின் முகம் சுண்டிப் போயிற்று. "சிமென்ட் கடைக்காரன் வீட்டுல பழைய செங்கல்லா? நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்?" கூரைக்கு ஓடு என்றாள். கான்கிரீட் என்றார். பூச்சு வேண்டாம் என்றாள். ஒரு கோட்டாவது என்றார். கொத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியைக் கழுவி வைத்தார். "அப்பா ஒண்ணு சொல்றாரு, பொண்ணு ஒண்ணு சொல்லுது. நான் போய்ச் சாப்பிட்டு வரேன். வர்றதுக்குள்ள யார் வீடுன்னு பேசி வைங்க" என்று இறங்கிப் போனார்.

செங்கல் அவள் பக்கம் வந்தது, ஓடும் வந்தது. தரையும் உள்பூச்சும் அப்பாவுக்குப் போயின. இன்னும் ஒரு மூட்டையாவது இறங்கட்டும் என்று அப்பா அந்த மேற்கு ஜன்னலுக்கு மேல் கான்கிரீட்டில் ஒரு சன்ஷேட் கேட்டார். அவள் அசையவில்லை. "ஓடே கொஞ்சம் நீண்டிருக்குப்பா, போதும்" என்றாள்.

அக்கா அறையில் குடியேறினாள். முதல் நாள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்து பார்த்தாள். திரும்பி இன்னொரு நடை நடந்தாள். அன்று சாயங்காலம் அவள் பாட்டு முணுமுணுத்தது கீழே கடைவரை கேட்டது.

அடுத்த வாரம் மழை பெய்தது. காற்றோடு சாய்ந்து அடித்து, மேற்கு ஜன்னல் வழியாக நேரே அக்காவின் கட்டிலில் விழுந்தது. அக்கா கட்டிலை நகர்த்திக்கொண்டாள். அம்மா பக்கெட்டை வைத்தாள். "சன்ஷேட் போட்டிருக்கலாம்" என்று அப்பா ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு தடவை சொன்னார். கடைக்கு வந்தவர்கள், லாரி டிரைவர், கொத்தனார் யாரையும் விடவில்லை.

அதன் பிறகு அவளைக் கூப்பிட்ட ஆபீஸ் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. சின்னப் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள் என்று வரைகிற இடம். வரவேற்பறை என்று தனியாக ஒன்று இல்லாததால் விளக்கை அணைக்கிற பேச்சும் எழவில்லை. ஆபீஸை நடத்துகிறவர் நாற்பத்தைந்து வயதுக்காரர். பேச்சு குறைவு. சட்டைக் கை முழுக்கப் பென்சில் கரி. அவளை 'நீங்க' என்றார். அதுவரை யாரும் சொல்லாதது.

"இதை வேற எங்க காட்டினீங்க?"

"நாலஞ்சு கம்பெனியில சார்."

"என்ன சொன்னாங்க?"

"சொல்லி அனுப்புறோம்னாங்க."

"சொன்னாங்களா?"

"இல்ல சார். அனுப்பிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கிடங்குத் தாளில் நெடுநேரம் நின்றார். முட்டைகளை விரலால் தொட்டு, "தூங்குறாங்களா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். விளக்கம் கேட்காமல் அதைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவர். மரத்தைப் பார்த்தார். மரத்துக்கு நீ எதுக்கு என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. புரட்டினார்.

கடைசித் தாளில் அந்த நீள அறை. பக்கத்தில் ஒட்டிய புகைப்படத்தில் அக்கா தோளுக்கு ஒரு குழந்தையோடு கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள்.

"இதுவும் காலேஜ் ப்ராஜெக்டா?"

"இல்ல சார். அக்கா ப்ராஜெக்ட்."

"கட்டிட்டீங்களா?"

"கட்டியாச்சு சார்."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இதுல என்ன தப்பு?"

இன்டர்வியூவுக்கென்று வீட்டுக் கண்ணாடி முன் நின்று அவள் தயாரித்து வைத்திருந்த பதில்களில் இதற்கு ஒன்று இல்லை. நல்லவற்றைச் சொல்லத்தான் பழகியிருந்தாள். பழைய செங்கல், ஓடு, வெளியேறும் சூடான காற்று என்று வரிசையாக வாயில் இருந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டாள்.

"மேக்கு ஜன்னல்ல சாரல் அடிக்குது சார். மழை வந்தா அக்கா கட்டில நகத்தணும்."

"சன்ஷேட் ஏன் போடல?"

"கான்கிரீட்ட மிச்சம் பண்ணணும்னு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அதில்ல சார். அதைப் போட்டா எங்கப்பா ஜெயிச்ச மாதிரி ஆயிடும்னு நினைச்சேன்."

"அப்பா என்ன பண்றார்?"

"சிமென்ட் கடை."

அவர் இப்போதுதான் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. உள் அறையில் வரைந்துகொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்து அப்படி நடந்ததில்லை போலிருக்கிறது.

"திங்கட்கிழமை வந்துடுங்க" என்றார். "மூணு மாசம் பார்ப்போம். உங்களுக்கும் பிடிக்கணும் இல்லையா. பாதி நாள் வெளியில வேலை இருக்கும், செருப்பு சரியா போட்டுட்டு வாங்க. சம்பளம் ஆரம்பத்துல கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், அதை நான் இப்பவே…"

அவர் சொல்லிக்கொண்டே போனார். லீவு, நேரம், சாப்பாட்டு இடைவேளை எல்லாம் வந்தன. அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல், அவருடைய மேசைக் குவளையிலிருந்து ஒரு பென்சிலை உருவினாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, மேற்கு ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து வெளியே வருகிற மாதிரி ஒரு சிறிய கோடு போட்டாள். தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். பிறகு அந்தக் கோட்டை இன்னும் ஒரு விரற்கடை நீட்டினாள்.